புளூம் வடிகட்டியில் உருப்படி சேர்க்கும்போது வரும் கோளாறுகள்: அறிகுறி வாரியாகத் தீர்க்கும் முறை

பொள்ளாச்சிக்கும் பாலக்காட்டுக்கும் இடையே கோபாலபுரம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் வழியாக ஓடும் இளநீர், தேங்காய், தக்காளி லோடுகளுக்கு மண்டிகளில் எழுதப்படும் சீட்டுகள் இப்போது கணினியிலும் ஏறுகின்றன. ஒரே சீட்டு இருமுறை ஏறினால் விவசாயியின் கணக்கும் வியாபாரியின் கணக்கும் சேர்ந்தே பிசகும். அதைத் தடுப்பதற்காக, நான் பராமரிக்கும் பதிவு மென்பொருளில் ஒவ்வொரு சீட்டு எண்ணும் முதன்மைத் தரவுத்தளத்துக்குப் போகும் முன் ரெடிஸ் (தரவை நினைவகத்திலேயே வைத்திருக்கும் தரவுத்தளம்) சர்வரிலுள்ள ஒரு புளூம் வடிகட்டியில் சேர்க்கப்படுகிறது. புளூம் வடிகட்டி என்பது, ஓர் உருப்படி முன்பே சேர்க்கப்பட்டதா என்பதை, அந்த உருப்படியையே சேமிக்காமல் சிறிய இடத்தில் நினைவில் வைக்கும் அமைப்பு. சேர்க்கும் அந்த ஒரு படியில் திரும்பத் திரும்ப வரும் கோளாறுகளையும், அவற்றை எந்த வரிசையில் பார்த்தால் விரைவில் பிடிபடும் என்பதையும் இங்கே எழுதுகிறேன்.

ஒன்றை மட்டும் மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். இந்த வடிகட்டி "இல்லை" என்று சொன்னால் அது உறுதி. "உண்டு" என்று சொன்னால் அது உத்தேசம். உருப்படியைச் சேர்க்கும் பிஎஃப்.ஆட் கட்டளைக்கு 1 என்று பதில் வந்தால் உருப்படி புதியது. 0 என்று வந்தால் அது ஏற்கனவே இருக்கக்கூடும், அவ்வளவுதான். எனவே 0 வந்த சீட்டை நேராகத் திருப்பி அனுப்பும் மென்பொருள் எதுவானாலும் அதன் வடிவமைப்பே தவறு. 0 என்பது முதன்மைத் தரவுத்தளத்தில் ஒருமுறை தேடிப் பார்ப்பதற்கான குறிப்பு மட்டுமே.

## எந்த அறிகுறியானாலும் முதலில் பார்க்க வேண்டியவை

எதையும் மாற்றுவதற்கு முன், வடிகட்டி சேமிக்கப்பட்டிருக்கும் பெயரான கீயின் மீது டைப் (என்ன வகை), டிடிஎல் (காலாவதிக்கு எவ்வளவு நேரம்), பிஎஃப்.இன்ஃபோ (வடிகட்டியின் விவரம்) ஆகிய மூன்று கட்டளைகளை இயக்கி, வரும் பதில்களை நேரத்தோடு குறித்து வையுங்கள். பிஎஃப்.இன்ஃபோ தரும் விவரங்களில் கொள்ளளவு, வடிகட்டி நிறையும்போது கூடுதலாகச் சேரும் உள் அடுக்குகளின் எண்ணிக்கை, சேர்க்கப்பட்ட உருப்படிகளின் எண்ணிக்கை ஆகிய மூன்றும் முக்கியமானவை. கோளாறு கண்டவுடன் கீயை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கும் பழக்கம் பலருக்கு உண்டு. அப்படிச் செய்தால் காரணத்தைக் காட்டக்கூடிய ஒரே தடயமும் அழிந்துபோகும், அதே கோளாறு மறுபடியும் வரும்.

## அறிகுறி: கட்டளையே தெரியாது என்று சர்வர் சொல்கிறது

பெரும்பாலும் இது எளிய காரணம்தான். புளூம் வடிகட்டிக் கட்டளைகள் 2025-இல் வெளிவந்த ரெடிஸ் 8 முதல் சர்வருடனேயே சேர்ந்து வருகின்றன. அதற்கு முந்தைய பதிப்புகளில் ரெடிஸ்புளூம் என்ற மாட்யூலை (சர்வரோடு இணைக்கும் கூடுதல் பகுதியை)த் தனியே ஏற்ற வேண்டும், அல்லது அதை உள்ளடக்கிய ரெடிஸ் ஸ்டாக்கை நிறுவ வேண்டும். ரெடிஸிலிருந்து கிளைத்த வால்கீ சர்வரைப் பயன்படுத்துவோரும் அதற்குரிய புளூம் மாட்யூலை ஏற்றியாக வேண்டும். மாட்யூல் லிஸ்ட் கட்டளையை இயக்கிப் பாருங்கள். பட்டியலில் பெயர் இல்லையென்றால் அமைப்புக் கோப்பில் லோட்மாட்யூல் வரியைச் சேர்த்து சர்வரை மறுபடி தொடங்குங்கள்.

கட்டளை தெரிகிறது, ஆனால் அனுமதி இல்லை என்று வந்தால் மென்பொருள் எந்தப் பயனர் பெயரில் நுழைகிறது என்பதை ஏசிஎல் ஹூஅம்ஐ கட்டளையால் அறிந்து, அந்தப் பயனருக்கு இக்கட்டளைகளும் இந்தக் கீயும் அனுமதிக்கப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள்.

வாடகைச் சேவையில் இயங்கும் சர்வரில் மாட்யூல் ஏற்றும் உரிமை உங்களுக்கு இருக்காது. அந்த இடத்தில் நேரத்தை வீணாக்காமல் சேவை தருபவரைக் கேட்பதே வழி.

## அறிகுறி: புதிய சீட்டுக்கு 0 வருகிறது

எனக்கு மிக அதிகமாக அழைப்பு வருவது இதற்காகத்தான். "அண்ணா, இப்பத்தானுங்க எழுதினேன், பழைய சீட்டுன்னு காட்டுதுங்க" என்று கொழிஞ்சாம்பாறைப் பக்கமிருந்து யாராவது சொன்னால் கீழ்க்கண்ட வரிசையில் பாருங்கள்.

### அதே உருப்படி ஒரு நொடி முன்பு போயிருக்கிறதா?

இணைப்பு மெதுவாக இருக்கும் இடங்களில் முதலில் சந்தேகப்பட வேண்டியது மறுமுயற்சியைத்தான். மென்பொருள் பிஎஃப்.ஆட் அனுப்புகிறது, சர்வர் உருப்படியைச் சேர்த்து 1 என்று பதிலும் தருகிறது, அந்தப் பதில் வந்து சேருமுன் இணைப்பு அறுந்துவிடுகிறது. சர்வரோடு பேச மென்பொருள் பயன்படுத்தும் கிளையன்ட் நூலகம் தானாகவே அதே கட்டளையை மறுபடி அனுப்ப, இம்முறை 0 வருகிறது. சர்வரின் கணக்குப்படி இரண்டு பதில்களும் சரியே. மென்பொருளுக்கோ இரண்டாவது பதில் மட்டும்தான் தெரியும். மென்பொருளின் பதிவேட்டில் அந்த நேரத்தில் டைம்அவுட் ஏதும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், 0 வந்த சீட்டை முதன்மைத் தரவுத்தளத்தில் தேடி, அங்கே இல்லையென்றால் புதியதாகவே ஏற்றுக்கொள்ளும்படி மென்பொருளைத் திருத்துங்கள். இத்திருத்தம் இந்த அறிகுறியின் மற்றக் காரணங்களால் வரும் தொல்லையையும் சேர்த்தே குறைக்கும்.

### வேறு ஒருவரின் உருப்படியோடு மோதுகிறதா?

இரண்டு மண்டிகள் ஒரே வடிகட்டியைப் பகிர்ந்துகொண்டு, இரண்டுமே 1-இல் தொடங்கிச் சீட்டு எண் போட்டால், மோதல் நிச்சயம். சோதனைக்காக ஏற்றிய எண்கள் உண்மையான கீயிலேயே தங்கிவிடுவதும் இவ்வகைதான். உருப்படியில் மண்டிக் குறியீடு, ஆண்டு, சீட்டு எண் ஆகிய மூன்றும் சேர்ந்திருக்க வேண்டும். புளூம் வடிகட்டியிலிருந்து தனி உருப்படியை நீக்க வழியில்லை என்பதால், கலந்துவிட்ட வடிகட்டியைத் தரவுத்தளத்திலிருந்து மீண்டும் கட்டுவதைத் தவிர வேறு தீர்வு கிடையாது.

### பிழை விகிதமே அவ்வளவுதானா?

மேற்சொன்ன இரண்டும் இல்லையென்றால் நீங்கள் தேர்ந்தெடுத்த பிழை விகிதம் தன் வேலையைச் செய்கிறது என்று பொருள். 0.01 என்று வைத்தால், வடிகட்டி நிறையும் நிலையில், புதிய உருப்படிகள் நூற்றில் ஒன்றுவரை பழையதாகத் தோன்றலாம். பரபரப்பான தக்காளி சீசனில் அது கண்ணில் படும் அளவுக்கு வரும். ஏற்கனவே உருவாக்கிய வடிகட்டியின் பிழை விகிதத்தை மாற்ற முடியாது. 0.001 விகிதத்தில் புதிய வடிகட்டியைக் கட்டிக்கொள்ளுங்கள். 10 லட்சம் உருப்படிகளுக்கு 1 விழுக்காட்டு விகிதத்தில் ஏறத்தாழ 1.2 எம்பி நினைவகம் செலவாகும், 0.1 விழுக்காட்டில் 2 எம்பிக்குச் சற்று முன்பின்னாகும். இவ்வளவு சிறிய வேறுபாட்டுக்காக மண்டியில் நிற்கும் லாரியைக் காக்க வைப்பது நியாயமல்ல.

## அறிகுறி: சேர்த்த சீட்டையே "இல்லை" என்கிறது

வடிகட்டியின் இயல்புப்படி இது நடக்கவே கூடாதது. எனவே இது நடந்தால் வடிகட்டி தவறிவிட்டது என்று எண்ணாமல், நீங்கள் சேர்த்த பைட்டுகளும் இப்போது தேடும் பைட்டுகளும் வேறு, அல்லது நீங்கள் சேர்த்த வடிகட்டியும் இப்போது தேடும் வடிகட்டியும் வேறு என்ற முடிவிலிருந்து தொடங்குங்கள்.

### பைட்டுகள் ஒன்றாக இருக்கின்றனவா?

வடிகட்டிக்கு எழுத்து தெரியாது, பைட்டுதான் தெரியும். வண்டி எண்ணை ஒருவர் இடைவெளியோடும், இன்னொருவர் கோடு போட்டும், மூன்றாமவர் சிறிய எழுத்திலும் தட்டினால் அவை மூன்று உருப்படிகள். எக்செல் கோப்பு வழியாக வந்த சீட்டு எண்ணில் முன்னாலிருந்த சுழியங்கள் உதிர்ந்திருக்கும்; 00714 என்பதும் 714 என்பதும் வேறு. வரியின் கடைசியில் ஒட்டிக்கொண்டு வரும் கண்ணுக்குத் தெரியாத வரிமுறிவும் அப்படியே.

எல்லைப் பகுதியில் இதைவிட நுணுக்கமான சிக்கல் ஒன்று உண்டு. கொல்லங்கோடு என்ற ஊர்ப் பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். இதிலுள்ள ஒகர, ஓகாரக் குறிகளை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம். கொம்பு தனி, கால் தனி என்று இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஆனால் முதல் முறையில் இப்பெயர் 33 பைட்டு, இரண்டாம் முறையில் 39 பைட்டு. ஒரு கைப்பேசியின் விசைப்பலகை முதல் முறையிலும், பழைய எழுத்துரு மாற்றியின் வழியே வந்த கோப்பு இரண்டாம் முறையிலும் அனுப்பினால், காலையில் சேர்த்த பெயர் மாலையில் "இல்லை" என்று வரும். ஐயம் வந்தால் இரண்டு வடிவங்களையும் தனித்தனிச் சோதனைக் கீகளில் செட் செய்து ஸ்ட்ர்லென் கட்டளையால் நீளத்தைப் பாருங்கள். எண்கள் வேறுபட்டால் அங்கேயே விடை கிடைத்துவிடும். சேர்க்கும் முன்னும் தேடும் முன்னும் உரையை, பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்க்கும் யூனிகோடின் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றினால் இந்த வேறுபாடு மறையும்.

ஆனால் என்எஃப்சி எல்லாவற்றையும் தீர்த்துவிடாது. ஔகாரத்தின் பின்குறிக்குப் பதிலாக ள எழுத்தைத் தட்டியிருந்தால் அது மாறாது. மலையாளத்தில் எழுதுவோர் அனுப்பும் பெயர்களில் இன்னும் கவனம் தேவை. சிற்றூர் என்ற பெயரின் கடைசி மெய் அங்கே சில்லெழுத்து, அதாவது உயிர் சேராத மெய்யைக் காட்டும் தனி எழுத்து. அதற்கு 2008-இல் வந்த யூனிகோடு 5.1 பதிப்பில்தான் தனிக் குறியெண் கிடைத்தது. அதற்கு முந்தைய முறையில் மெய்யெழுத்தும் சந்திரக்கலையும் (நம் புள்ளி போன்ற குறி) கண்ணுக்குத் தெரியாத ஓர் இணைப்புக் குறியும் சேர்ந்துதான் அது உருவாகும். இவ்விரு வடிவங்களையும் என்எஃப்சி ஒன்றாக்காது; உங்கள் மென்பொருளில் நீங்களே மாற்று விதி எழுத வேண்டும்.

என் கருத்து கேட்டால், ஊர்ப் பெயரையும் ஆள் பெயரையும் உருப்படியில் வைக்கவே கூடாது. ஊருக்கு ஒரு குறியீட்டு எண் கொடுத்து, எண்களாலான உருப்படியை மட்டும் சேர்ப்பதே தமிழும் மலையாளமும் கலந்து புழங்கும் இடத்துக்கு ஏற்றது.

### வடிகட்டி நடுவில் மறைந்து, புதிதாகப் பிறந்திருக்கிறதா?

இது ஓசையில்லாமல் நடக்கும் கோளாறு. கீக்குக் காலாவதி வைத்திருந்து அது முடிந்துபோகலாம். அல்லது நினைவகம் நிறைந்தபோது சர்வர் அந்தக் கீயையே வெளியேற்றியிருக்கலாம். அடுத்து வரும் பிஎஃப்.ஆட், வடிகட்டி இல்லை என்று சொல்லாது. கொள்ளளவு 100, பிழை விகிதம் 0.01 என்ற இயல்பு அளவுகளில் புதிய வடிகட்டியைத் தானே உருவாக்கி, உருப்படியைச் சேர்த்து, 1 என்று பதில் தந்துவிடும். அதுவரை சேர்த்த அத்தனை சீட்டுகளும் நினைவில் இல்லை. பிழைச் செய்தியும் இல்லை.

பிஎஃப்.கார்ட் தரும் எண்ணிக்கையை முதன்மைத் தரவுத்தளத்திலுள்ள சீட்டு எண்ணிக்கையோடு ஒப்பிடுங்கள். வடிகட்டியின் எண்ணிக்கை சற்றுக் குறைவாக இருப்பது இயல்பு, ஏனெனில் தவறுதலாக "உண்டு" என்று வந்த புதிய உருப்படிகள் அதில் சேராது. பெரும் பள்ளம் இருந்தால் வடிகட்டி ஒருமுறை மறைந்திருக்கிறது. இன்ஃபோ ஸ்டேட்ஸ் பகுதியில் வெளியேற்றப்பட்ட கீகளின் எண்ணிக்கையையும் காலாவதியான கீகளின் எண்ணிக்கையையும் பார்த்தால் எது காரணம் என்பது தெரியும். நினைவகக் கொள்கை ஆல்கீஸ்-எல்ஆர்யு என்று இருந்தால் எந்தக் கீயும் பலியாகலாம். வடிகட்டியைத் தனி சர்வரில், எதையும் வெளியேற்றாத நோஎவிக்ஷன் கொள்கையோடு வைப்பது சிறந்தது. முடியாவிட்டால், காலாவதி வைத்த கீகளை மட்டும் வெளியேற்றும் வோலட்டைல் வகைக் கொள்கைக்கு மாற்றி, வடிகட்டிக்குக் காலாவதி வைக்காமல் விடுங்கள்.

அதோடு, மென்பொருளில் பிஎஃப்.ஆட் இருக்கும் இடங்களிலெல்லாம் பிஎஃப்.இன்சர்ட் கட்டளையை நோகிரியேட் என்ற சொல்லோடு பயன்படுத்துங்கள். வடிகட்டி இல்லையென்றால் அது பிழை தந்து நின்றுவிடும். வடிகட்டியை உருவாக்கும் வேலை பிஎஃப்.ரிசர்வ் கட்டளைக்கு மட்டுமே உரியதாக, ஒரே இடத்தில் இருக்கட்டும். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நடைமுறைப்படுத்த உங்களுக்கு நேரம் இருக்குமானால், இதைச் செய்யுங்கள்.

### படிக்கும் சர்வர் வேறா?

எழுதுவது முதன்மை சர்வரிலும் படிப்பது நகல் சர்வரிலும் என்று பிரித்திருந்தால், நகல் சற்றுப் பின்தங்கியிருக்கும் நேரத்தில் இப்போது சேர்த்த உருப்படி அங்கே தெரியாது. உண்டா என்று மட்டும் கேட்கும் பிஎஃப்.எக்ஸிஸ்ட்ஸ் கட்டளையைத் தனியே அனுப்புவதை விட்டு, பிஎஃப்.ஆட் அல்லது பிஎஃப்.இன்சர்ட் தரும் பதிலையே வைத்து முடிவெடுங்கள்; 0 வந்தால் முன்சொன்னபடி முதன்மைத் தரவுத்தளத்தில் தேடுங்கள். முதலில் கேட்டுவிட்டுப் பிறகு சேர்க்கும் முறையில் இன்னொரு ஆபத்தும் உண்டு: இரண்டு கணினிகள் ஒரே நேரத்தில் கேட்டால் இரண்டுக்குமே "இல்லை" என்று வந்து, இரண்டுமே அந்தச் சீட்டைப் புதியதாக ஏற்றிவிடும். சேர்க்கும் கட்டளையின் பதிலை நம்பினால் ஒன்றுக்குத்தான் 1 வரும்.

### மின்தடைக்குப் பிறகு தொடங்கியதா?

ஒவ்வொரு மாற்றத்தையும் வட்டில் குறித்து வைக்கும் ஏஓஎஃப் பதிவு இல்லாமல், முழுத் தரவையும் அவ்வப்போது வட்டில் எடுக்கும் ஆர்டிபி பிரதியை மட்டும் நம்பியிருந்தால், கடைசிப் பிரதிக்குப் பின் சேர்த்தவை போய்விடும். தரவுத்தளத்திலிருந்து அந்த இடைவெளியில் ஏறிய சீட்டுகளை மறுபடி சேர்த்தால் போதும். ஏற்கனவே இருப்பதைத் திரும்பச் சேர்ப்பதால் புளூம் வடிகட்டிக்குக் கேடு எதுவும் இல்லை.

நகல்கள் தாமாக முதன்மைப் பொறுப்புக்கு மாறும் அமைப்பில் இழப்பு நேர்ந்தாலும், மேற்சொன்ன எதுவும் பொருந்தாமல் இழப்பு தொடர்ந்தாலும், தரவுத்தள நிர்வாகியை அழையுங்கள். அதுவரை வடிகட்டியை ஒதுக்கிவிட்டு முதன்மைத் தரவுத்தளத்திலேயே ஒவ்வொரு சீட்டையும் சரிபார்த்து ஏற்றுங்கள். மெதுவாக இருந்தாலும் கணக்கு பிசகாது.

## அறிகுறி: வடிகட்டி நிறைந்துவிட்டது என்று பிழை வருகிறது

நான்ஸ்கேலிங் என்ற சொல்லோடு உருவாக்கிய வடிகட்டி, கொள்ளளவு தீர்ந்ததும் புதிய உருப்படியை மறுத்துவிடும். பிழை விகிதத்தைக் காப்பாற்றுவதற்காக அது செய்யும் சரியான செயல் அது. பிஎஃப்.எம்ஆட் கட்டளை மூலம் பல உருப்படிகளை ஒன்றாக அனுப்பியிருந்தால், பாதி சேர்ந்து மீதி நின்றிருக்கலாம். பதில் பட்டியலின் நீளம் அனுப்பிய உருப்படிகளின் எண்ணிக்கைக்குச் சமமா என்றும், ஒவ்வொரு பதிலும் எண்ணா பிழையா என்றும் மென்பொருள் பார்க்க வேண்டும்.

இந்த வடிகட்டியைப் பெரிதாக்க முடியாது. வேறொரு பெயரில் போதிய கொள்ளளவோடு புதிய வடிகட்டியை ரிசர்வ் செய்து, தரவுத்தளத்திலிருந்து நிரப்பி, அந்த வேளையில் வரும் புதிய சீட்டுகளை இரண்டிலும் சேர்த்து, முடிந்ததும் ரீநேம் கட்டளையால் பழைய பெயருக்கு மாற்றுங்கள். தரவைப் பல சர்வர்களில் பிரித்து வைக்கும் கிளஸ்டர் அமைப்பில் இரண்டு பெயர்களும் ஒரே ஸ்லாட்டில் (பிரிவில்) விழுமாறு பெயரிட வேண்டும்.

## அறிகுறி: ரிசர்வ் செய்யும்போது ஏற்கனவே உண்டு என்று மறுக்கிறது

அந்தப் பெயரில் கீ ஒன்று இருக்கிறது. டைப் கட்டளையின் பதில் எம்பிபுளூம் என்று தொடங்கினால் அது வடிகட்டிதான். பெரும்பாலும் யாரோ பிஎஃப்.ஆட் மூலம் முன்கூட்டியே உருவாக்கிவிட்ட, 100 கொள்ளளவு கொண்ட வடிகட்டியாக இருக்கும். ஸ்ட்ரிங், செட் என்று வேறு வகை வந்தால் இன்னொரு மென்பொருள் அதே பெயரைப் பயன்படுத்துகிறது. சேர்க்கும்போது வகை பொருந்தவில்லை என்று வரும் பிழைக்கும் இதுவே காரணம். உள்ளே இருப்பது எவருடையது என்று தெரியாமல் அழிக்க வேண்டாம், பெயருக்கு முன்னொட்டு வைத்து விலகுங்கள்.

## அறிகுறி: நாளாக நாளாகச் சேர்ப்பது மெதுவாகிறது, நினைவகம் கூடுகிறது

பிஎஃப்.இன்ஃபோவில் உள் அடுக்குகளின் எண்ணிக்கையைப் பாருங்கள். 100 கொள்ளளவில் தொடங்கி ஒவ்வொரு முறையும் இருமடங்காக விரிந்த வடிகட்டி 10 லட்சம் உருப்படிகளை அடையும்போது 14 அடுக்குகள் ஆகியிருக்கும். புதிய உருப்படி ஒவ்வொன்றும் அத்தனை அடுக்குகளிலும் தேடப்பட்ட பிறகே சேரும். மொத்தப் பிழை விகிதத்தைக் காப்பதற்காக ஒவ்வொரு புதிய அடுக்கும் முந்தையதில் பாதி விகிதத்தில் அமைவதால், ஓர் உருப்படிக்கு ஆகும் இடமும் அடுக்குக்கு அடுக்கு ஏறத்தாழ 1.44 பிட் கூடிக்கொண்டே போகும். ஒரே அடுக்கில் ஏறத்தாழ 10 பிட்டில் முடிந்திருக்க வேண்டியது கடைசி அடுக்கில் அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேலாகிவிடும்.

தீர்வு, முன் பகுதியில் சொன்னதுபோலப் போதிய கொள்ளளவில் புதிதாகக் கட்டி மாற்றுவதே. கடந்த ஆண்டின் சீட்டு எண்ணிக்கையை எடுத்து, வரும் ஆண்டின் வளர்ச்சிக்கும் இடம்விட்டுக் கொள்ளளவைத் தீர்மானியுங்கள். ஆண்டுக்கு ஒரு வடிகட்டி என்று பிரித்துக்கொண்டால் பழையதை அன்லிங்க் கட்டளையால் அழித்துவிடலாம்.

வடிகட்டி நூறு எம்பியைத் தாண்டி வளர்ந்து, பிரதி எடுக்கும் வேளைகளில் சர்வரின் நினைவகம் திடீரென்று எகிறினால், அது வடிகட்டியைத் திருத்துவதால் மட்டும் தீராது. ஸ்லோலாக் (மெதுவான கட்டளைகளின் பதிவு), இன்ஃபோ, பிஎஃப்.இன்ஃபோ ஆகியவற்றின் பதில்களோடு நிர்வாகியை அணுகுங்கள்.

## அறிகுறி: தரவை எழுதும் கட்டளை எதுவும் ஏறவில்லை

நினைவக வரம்பு தாண்டியது என்று வந்தால் இன்ஃபோ மெமரியைப் பாருங்கள். நகல் சர்வரில் எழுத முடியாது என்று வந்தால் ரோல் கட்டளையால் உறுதிசெய்து முகவரியைத் திருத்துங்கள். பிரதி எடுப்பது தோல்வியுற்றதால் எழுதுவதை நிறுத்தியிருக்கிறேன் என்று வந்தால் வட்டு நிறைந்திருக்கிறதா என்று பாருங்கள். அந்தப் பாதுகாப்பை அணைத்துவிட்டு வேலையைத் தொடரும்படி யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

## அறிகுறி: குக்கூ வடிகட்டியில் ஒன்றை நீக்கினால் இன்னொன்று காணாமல் போகிறது

ரத்தான சீட்டுகளை நீக்க வேண்டும் என்பதற்காகச் சிலர் குக்கூ வடிகட்டிக்கு மாறுவார்கள். அது நீக்கும் வசதி தருகிறது, பதிலுக்கு ஒழுங்கையும் கேட்கிறது. சிஎஃப்.ஆட் ஒரே உருப்படியை மீண்டும் மீண்டும் ஏற்றுக்கொண்டு ஒவ்வொரு முறையும் 1 என்றே பதில் தரும். இல்லாதபோது மட்டும் சேர்க்க சிஎஃப்.ஆட்என்எக்ஸ் வேண்டும். உள்ளே சேர்க்கப்படாத ஒன்றை சிஎஃப்.டெல் மூலம் நீக்கினால், அதே சுருக்க அடையாளம் கொண்ட வேறொரு சீட்டின் தடம் அழிந்து, அந்தச் சீட்டு "இல்லை" என்று வரத் தொடங்கும். எனவே நீக்கும் முன் அந்தச் சீட்டு உண்மையில் சேர்க்கப்பட்டதா என்பதை முதன்மைத் தரவுத்தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். ஏற்கனவே இப்படி அழிந்திருந்தால் எது போயிற்று என்று வடிகட்டியிடம் கேட்டு அறிய முடியாது. தரவுத்தளத்திலிருந்து முழுவதையும் மீண்டும் கட்டுங்கள். ரத்தாகும் சீட்டுகள் மிகச் சிலவே என்றால், புளூம் வடிகட்டியை அப்படியே வைத்துக்கொண்டு ரத்துப் பட்டியலைத் தனியே ஒரு செட்டில் வைத்திருப்பது போதும்.